மிஞ்சிய தக்காளியும் முந்நூறு பேர் சமையலும்

வருஷம் தவறாமல் ஒரு படம் செய்தித்தாளில் வந்துவிடும். ராயக்கோட்டையோ பாலக்கோடோ ஒட்டன்சத்திரமோ, சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளி, அதை மேயும் மாடு, பக்கத்தில் வெறும் பெட்டியோடு நிற்கும் விவசாயி. மறுநாளே, "ஏதாவது ஒரு ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்திருக்கலாமே" என்று பேச்சு கிளம்பும். கேட்பவர்மேல் தப்பில்லை. ஆனால் படம் எடுத்த நேரத்திலேயே அந்தத் தக்காளியின் கதை முடிந்துவிட்டது. வெயிலில் சூடேறி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கி, தாரில் புரண்ட பழம் அது. காப்பாற்றியிருக்க வேண்டியது இரண்டு நாள் முன்னால், செடியில் தொங்கிக்கொண்டிருந்தபோது.

செடியில் இருந்ததை ஏன் யாரும் காப்பாற்றவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒட்டன்சத்திரம், உடுமலைப் பக்கம் ஒரு பெட்டி என்றால் 14 கிலோ. விலை பெட்டிக்கு 30 ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மண்டி கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 3 ரூபாய். பறிகூலி 15, வண்டி வாடகை 15, ஏற்று இறக்குகூலி 4. மொத்தம் 37. தன் தக்காளியை விற்பதற்கு விவசாயி பெட்டிக்கு 7 ரூபாய் கைக்காசு போட வேண்டும். கூலியும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் போக்கு மாறாது. நாற்று, உரம், குச்சி, மருந்து எல்லாம் ஏற்கெனவே செலவாகிப் போனவை. அவை இந்தக் கணக்கிலேயே இல்லை. இந்த நிலையில் அவர் எடுக்கும் முடிவு நியாயமானது: பறிக்காமல் விடுவது, அல்லது மாட்டை அவிழ்த்துவிடுவது.

இதே பெட்டியை இனாமாகக் கொடுப்பதானால் கமிஷன் 3 ரூபாய் மட்டும் மிச்சம். பறிப்பு, வாடகை, ஏற்றுகூலி சேர்ந்து 34 ரூபாய் அப்படியே நிற்கிறது. கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டரை ரூபாய். மிஞ்சிய விளைச்சலை மீட்பது என்று பெரிதாகப் பேசப்படுவதில் பாதி வேலை, அந்த இரண்டரை ரூபாயை யார் தருவது என்பதுதான். காய்கறியை நல்ல மனசோடு கொடுக்க விவசாயிகள் நிறையப் பேர் உண்டு. நஷ்டப்பட்டவரிடமே பறிகூலியையும் கேட்பது அநியாயம்.

இன்னொரு பாதி வேலை அடுப்பின் பக்கம் இருக்கிறது. அங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் கவிழ்கின்றன.

ஒரு குட்டியானை எத்தனை பேருக்கு?

குட்டியானை வண்டியில் 50 பெட்டி ஏற்றினால் 700 கிலோ. முந்நூறு பேருக்குச் சமைக்கும் விடுதியோ இல்லமோ சாம்பாருக்கும் ரசத்துக்கும் தலைக்கு 20 கிராம் போட்டால், ஒரு நாளைக்கு 6 கிலோ தக்காளியோடு முடித்துக்கொள்ளும். அதாவது ஒரு சின்ன வண்டி லோடு ஒரே நாளில் தீர வேண்டுமானால் இப்படி 117 சமையலறை வேண்டும். மூன்று நாளில் தீர்ப்பதானாலும் 39 சமையலறை. "ஒரு டன் தக்காளி இருக்கு, வந்து எடுத்துக்கோங்க" என்று நாலு இல்லங்களுக்குப் போன் போட்டால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்திருக்கும். வாசலில் இறக்கிவிட்டுப் போனவர் போட்டோவோடு திரும்புவார். மூன்றாம் நாள் அந்த இல்லத்தின் ஆயா அழுகியதைக் கொட்ட இடம் தேடுவார். குப்பை சாலையோரத்திலிருந்து ஆசிரமத்துக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை போன் வந்தால் அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

கணக்கை மாற்றக்கூடியது சமையல் பட்டியல். அதே முந்நூறு பேருக்கு அன்றைக்குத் தக்காளி சாதமும் தொக்கும் என்றால் தலைக்கு 70 கிராம் வரை போகும், 21 கிலோ. 117 என்பது 34 ஆகக் குறைகிறது. வண்டி கிளம்புவதற்கு முன்தினமே சமையல்காரரிடம் பேசி மறுநாள் பட்டியலை மாற்றியிருந்தால்தான் இது நடக்கும். காலையில் வண்டி வந்து நிற்கும்போது சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருக்கும்.

அதனால் அனுபவப்பட்டவர்கள் வேலையைத் தோட்டத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. முதலில் சமையலறைகளின் பட்டியலைத் தயார் செய்கிறார்கள். எந்தக் கிழமை எத்தனை பேர், காய் நறுக்க எத்தனை கை, குளிர்பெட்டி உண்டா, ஞாயிறு சமையல் உண்டா, வாழைத்தண்டு மாதிரி நேரம் பிடிக்கும் காயை வாங்குவார்களா மாட்டார்களா. கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். முப்பது கிலோ சின்ன வெங்காயத்தை உரிப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில், சின்ன வெங்காயம் தானமல்ல, தண்டனை. அதே இடத்துக்கு முட்டைக்கோஸ் கொடுத்தால் தலைக்கு 100 கிராம் பொரியலுக்கு 30 கிலோ, மேலிலையும் தண்டும் கழிய 35 கிலோவாகக் கொடுத்தால் ஒரே மணி நேரத்தில் நறுக்கிவிடுவார்கள்.

பள்ளிகள்தான் பெரிய வாய் என்று எல்லோருக்கும் தோன்றும். பிஎம் போஷன் என்ற மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் அளவுப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய்கறி, நடுநிலைக்கு 75 கிராம். ஒரு டன் காய், தொடக்கப்பள்ளிக் கணக்கில் 20,000 பிள்ளைகளின் ஒரு நாள் பங்கு. சமூகத்தார் உணவோ பொருளோ கொடுக்க அந்தத் திட்டத்திலேயே 'திதி போஜனம்' என்று ஒரு வழியும் இருக்கிறது. ஆனால் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் தன் பொறுப்பில் யாரோ கொண்டுவந்த காயை அடுப்பில் ஏற்ற மாட்டார், ஏற்றவும் கூடாது. அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அதோடு பிள்ளைகளுக்கு லீவு என்றால் அந்த வாயும் மூடிவிடும். விலை விழும் சீசனில் தேர்வும் கோடை விடுமுறையும் குறுக்கே வரும்.

எது யாருக்கு வேண்டும் என்று கேட்காமல் கொடுத்தால் என்னாகும் என்பதை அமெரிக்க உணவு வங்கிகள் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டன. 1967இல் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதுதான் முதல் உணவு வங்கி. பின்னால் நாடு முழுக்கக் கிளைத்து, இன்று ஃபீடிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்கும் வலையமைப்பில், வெகுகாலம் தலைமையகமே யாருக்கு என்ன என்று ஒதுக்கிக்கொண்டிருந்தது. கையில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பொருளே மறுபடி வந்து சேரும். 2005இல் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் கேனிஸ் பிரெண்டர்காஸ்ட் உள்ளிட்டோர் யோசனைப்படி ஏல முறைக்கு மாறினார்கள். பணம் கிடையாது, 'பங்கு' என்ற பெயரில் ஒவ்வொரு வங்கிக்கும் புள்ளிகள், ஏழைகள் அதிகம் உள்ள பகுதிக்குக் கூடுதல் புள்ளி. வேண்டியதை அந்தப் புள்ளி கொடுத்து எடுக்கலாம். இதில் ரசிக்கத்தக்க விஷயம், யாரும் சீந்தாத பொருளுக்கு விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம்: அதை எடுத்துக்கொள்பவருக்குப் புள்ளி கிடைக்கும். பசி இருக்கும் இடத்திலும் ஒரு லாரி உருளைக்கிழங்கு பாரமாக இருக்க முடியும் என்பதை அந்த முறை வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டது.

போனில் கேட்க வேண்டியது

தோட்டத்துக்காரர் கூப்பிட்டதும் எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது மருந்து அடித்தார், என்ன மருந்து என்று. ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் நடுவே விட வேண்டிய நாள் உண்டு. மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் அது மாறும், லேபிளிலேயே போட்டிருக்கும். விலை இருக்கிறதோ இல்லையோ, விற்கப் பறிப்பவர் இதைக் கொஞ்சமாவது மனதில் வைத்திருப்பார். பறிக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர், அடுத்த விலையேற்றத்துக்காகச் செடியை மட்டும் காப்பாற்ற நேற்று மருந்து அடித்திருக்கலாம். காலி பாட்டிலின் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் சந்தேகம் தீரும். பதில் தெளிவாக இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு விலகுவதே நல்லது. ஒரே தோட்டத்துக் காய் ஒரே நாளில் ஆயிரம் பிள்ளைகளுக்குப் போகும்போது, சந்தையில் நூறு தோட்டத்துக் காயோடு கலந்து நீர்த்துப்போவது மாதிரி இதில் நடக்காது.

அடுத்தது, வண்டி தோட்டம் வரை வருமா என்பது. வரப்பில் அரை கிலோமீட்டர் தலைச்சுமை என்றால் கூலி இரட்டிப்பாகும். பிறகு பழம் எந்தப் பதத்தில் இருக்கிறது. நிறம் திரும்பத் தொடங்கிய செங்காயாக இருந்தால் மூன்று நாள் கையில் இருக்கிறது. முழுக்கச் சிவந்திருந்தால் நாளைக்கே தீர்க்க வேண்டும். பெங்களூர் தக்காளி என்று கடைக்காரர் சொல்லும் தடித்த தோல் ஹைப்ரிட் பயணத்தைத் தாங்கும். நாட்டுத் தக்காளி தாங்காது. அதைப் பக்கத்து ஊரைத் தாண்டிக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம்.

பறிப்பதற்கு நகரத்திலிருந்து தன்னார்வலர்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவது பார்க்க அழகாக இருக்கும். அமெரிக்காவில் விளைநிலத்தில் மிஞ்சியதைப் பொறுக்கும் பழக்கத்தை அப்படித்தான் புதுப்பித்தார்கள். நம்மிலும் கடலை பிடுங்கிய கொல்லையில் தப்புக்கடலை பொறுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் தக்காளி கடலையில்லை, செடி இன்னும் காய்க்க வேண்டியது. பழகாத கை கொடியை முறிக்கும், குச்சியைச் சாய்க்கும், இரண்டு நாள் கழித்துப் பறிக்க வேண்டிய காயையும் சேர்த்து எடுக்கும். அதைவிட முக்கியம், விலை விழுந்த வாரத்தில் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பறிப்பு வேலையும் இல்லாமல் போகிறது. அவர்களுக்கே கூலி கொடுத்துப் பறிப்பது வேகம், சேதமும் குறைவு.

பெட்டிக்குள் நடப்பது

தக்காளியில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர். பறித்த பிறகும் அது மூச்சுவிட்டு, சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அதனால் காலை ஒன்பதுக்குள் பறித்து முடிப்பதும், நிறைந்த பெட்டியை உடனே புளியமரத்து நிழலுக்குக் கொண்டுபோவதும் சம்பிரதாயமில்லை. ஒரு நாள் ஆயுள் அதில் இருக்கிறது. பனி ஈரம் காய்ந்த பிறகே கை வைக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது ஒரு பழத்தின் காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தும். பெட்டியின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழேயே நிறுத்த வேண்டும். கும்பாரமாக நிரப்பினால் மேல்பெட்டியின் பாரத்தைப் பெட்டிக்குப் பதில் பழம் சுமக்கும். இனாம் பொருள்தானே என்று சாக்கில் கட்டுபவர்கள் உண்டு. சாக்கில் கட்டிய தக்காளி, போய்ச்சேரும்போது பாதி சாறு.

கிளம்புமுன் கழுவலாமா? கூடாது. கழுவ வேண்டியது சமையலறையில், நறுக்குவதற்குச் சற்று முன். வெயிலில் சூடான பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்புத் தழும்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் என்ன கிருமி இருந்ததோ அதுவும் சேர்ந்து போகும். பிறகு மேலே எத்தனை கழுவினாலும் வராது. கழுவும் தண்ணீர் பழத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். பழுக்காத காயைக் குளிர்பெட்டியில் வைப்பதும் வீண். 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் அது சரியாகப் பழுக்காமல், திட்டுத்திட்டாக அழுகும்.

தரம் பிரிப்பதுதான் இந்த வேலையில் கைத்திறன் கேட்கும் இடம். மூன்று கூடை வைத்தால் போதும்: இன்றைக்கு, மூன்று நாளைக்கு, மாட்டுக்கு. சந்தை ஒதுக்கும் பொடிக்காயும் கோணல் காயும் வெயில் பட்டு வெளுத்ததும் தாராளமாக முதல் இரண்டு கூடைக்குப் போகும். சமைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் ஆன பழத்தைப் பார்த்தால் நோய் என்று பயப்படுவார்கள். அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து பழத்தின் நுனிவரை போய்ச் சேராததால், தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ச்சியதால் வருவது. கறுப்பை வெட்டியெறிந்துவிட்டு மீதியை அன்றே சமைக்கலாம். வெடிப்பு காய்ந்து தழும்பாகியிருந்தால் சரி, ஈரமாகக் கசிந்தால் மாட்டுக் கூடை. காய்ப்புழு துளைத்ததும் அங்கேயே. பூஞ்சை பூத்த பழத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டினால் போதாது. இவ்வளவு ஈரமான சதைக்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். ஒரே ஒரு குழகுழத்த பழம் பெட்டியில் தங்கிவிட்டால் மறுநாள் காலை பெட்டியைத் திறக்கும்போது வாசனையே சொல்லிவிடும்.

மற்ற காய்க்கு மற்ற விதி. உருளைக்கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகியிருந்தால் அதில் சோலனைன் என்ற நஞ்சு கூடியிருக்கும் என்பதற்கு அது அடையாளம், வேகவைத்தாலும் போகாது. நனைந்து பூசணம் பிடித்த கடலை, மக்காச்சோளத்தை மாட்டுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது, அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு பாலிலும் வரும். பழுத்த தக்காளியையும் வாழையையும் கீரை, வெள்ளரியோடு ஒரே மூடிய வண்டியில் ஏற்றினால் பழம் விடும் எத்திலின் வாயு அவற்றை மஞ்சளாக்கிவிடும். எதை ஏற்றினாலும் மேலே தார்ப்பாய் இறுக்கிக் கட்டாமல் வலை போட்டு, முடிந்தால் இரவில் ஓட்டுவது நல்லது.

"கூழாக்கி வைத்துக்கொள்ளலாமே"

இந்த யோசனை எப்போதும் வரும், பாதி சரி. நம் தக்காளியில் கரைந்த திடப்பொருள் ஏறக்குறைய 5 சதவீதம். கூழ் என்ற பெயரில் விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்பது குறைந்தது 9 சதவீதம், பேஸ்ட்டுக்கு 25. நூறு கிலோ பழத்தில் கழிவு, தோல், விதை போக 75 கிலோ சாறு வருகிறது என்று வைத்தால், 9 சதவீதக் கூழ் ஏறக்குறைய 42 கிலோ கிடைக்கும். நடுவே 33 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். பாதி வெப்பம் வீணாகும் திறந்த அடுப்பில் அதற்கு நாலு கிலோவுக்கு மேல் கேஸ் எரியும். 19 கிலோ சிலிண்டர் 450 கிலோ பழத்தைக்கூடத் தாண்டாது. இலவசமாக வந்த பழம் இங்கே இலவசமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

பாட்டிலில் அடைத்து வைப்பதில் ஆபத்தும் உண்டு. காற்றில்லாத பாட்டிலில் நஞ்சு உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமி, புளிப்பு மிகுந்து பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால் வளராது. தக்காளி அந்தக் கோட்டின்மேலேயே நடக்கிறது. சில ரகம், அதிலும் ரொம்பப் பழுத்தவை, 4.6ஐத் தாண்டிவிடும். அதனால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் சேர்த்து, சூடாக நிரப்பி, அரை லிட்டர் பாட்டிலைக் கொதிநீரில் 35 நிமிடம் வைப்பது முறை. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல், கிருஷ்ணகிரி, ஓசூர் மாதிரி ஊர்களில், 40 நிமிடம். அங்கே தண்ணீர் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. இதையெல்லாம் தினமும் பிசகாமல் செய்ய ஆளில்லாத இடத்தில், சமையல்கட்டிலேயே தொக்காகக் கிளறி இரண்டு நாளில் தீர்த்துவிடுவது பாதுகாப்பு. வெயில் நன்றாக இருந்து சூரிய உலர்த்தியும் இருந்தால் துண்டாக்கிக் காயவைக்கலாம். நூறு கிலோ ஐந்தாறு கிலோவாகச் சுருங்கும்.

சட்டம், சந்தை

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி கையில் இருக்கும் விளைபொருளைத் தொடுவதில்லை. அவர் கையை விட்டு இன்னொருவரிடம் வந்ததும்தான் அது சட்டத்தின் பார்வையில் 'முதன்மை உணவு' ஆகிறது. ஆகவே பொறுப்பு தானம் கொடுத்தவரைவிட, வாங்கி ஏற்றியவர்மேல் விழுகிறது. மிஞ்சிய உணவை மீட்டு வழங்குவதற்கென்றே ஆணையம் 2019இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. தொடர்ந்து செய்யும் அமைப்பு பதிவோ உரிமமோ எடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மேல் வழக்கு வராமல் பாதுகாக்கும் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது.

விலை ஏன் இப்படி ஆடுகிறது என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையைப் பார்த்துப் பலரும் ஒரே சமயத்தில் நாற்று விட்டார்கள். நட்ட இரண்டு இரண்டரை மாதத்தில் முதல் பறிப்பு வரும். செப்டம்பரில் சில மொத்தச் சந்தைகளில் கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போனது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 2018 பட்ஜெட்டில் 500 கோடியில் அறிவித்த ஆபரேஷன் கிரீன்ஸ், விலை விழும்போது போக்குவரத்துக்கும் சேமிப்புக்கும் பாதிச் செலவை மானியமாகத் தந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செலவழித்த பிறகு பில் காட்டி வாங்கும் மானியம் அது; நாளைக் காலை பறிகூலிக்கு உதவாது. அந்த இடைவெளியில்தான் கிலோவுக்கு இரண்டரை ரூபாய் வைத்திருப்பவருக்கு வேலை இருக்கிறது.

மண்டிக்காரர்கள் இதை முறைத்துப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. தானமாக ஏற்றிய பெட்டி பாதி வழியில் கடைக்கு இறங்கிவிட்டால், ஏற்கெனவே படுத்துக் கிடக்கும் விலை இன்னும் படுக்கும். அடி வாங்குவது பக்கத்துத் தோட்டத்து விவசாயி. அதனால் ஏற்றும்போது ஒரு எடை, இறக்கும்போது ஒரு எடை, இரண்டும் ஒரே சீட்டில். நூறு கிலோவுக்கு மூன்று நான்கு கிலோ குறைந்தால் ஈரம் வற்றியது, நசுங்கியது என்று விடலாம். பதினைந்து குறைந்தால் டிரைவரிடம் பேச வேண்டும். காலிப் பெட்டிகளையும் அதே வண்டியில் எண்ணி ஏற்றிவிட வேண்டும். சமையலறைகளில் அவை தண்ணீர் பிடிக்கவும் செருப்பு வைக்கவும் சீக்கிரமே பழகிவிடும், அப்புறம் திரும்பாது. கழுவிக் காயவைத்த ஐம்பது பெட்டி, எடைச் சீட்டின் ஒரு நகல், பறிகூலிப் பணம் மூன்றும் அன்று இரவே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அடுத்த பறிப்புக்கு மூன்றாம் நாள் அவரே கூப்பிடுவார்.